114 போட்ட படம்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தைக்கிறவர்களைவிட, தைத்ததில் குறை கண்டுபிடிக்கிறவர்களுக்குத்தான் கெத்து ஜாஸ்தி. பாக்யலட்சுமி பதினெட்டு வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறாள். ஒரு நூல் விலகியிருந்தாலும் முகத்தில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்பிவிடுவாள். சரியாக இருந்தால் உள்பக்கம் சில்வர் பேனாவால் 114 என்று எழுதுவாள். அது அவளுடைய நம்பர். பிள்ளையின் நோட்டுக்கு அட்டை போட்டாலும் பின்னால் 114 எழுதிவிட்டுத்தான் கீழே வைப்பாள். அவள் கை அப்படிப் பழகிவிட்டது.

அவள் தெருவில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் நூலகத்தில், உள்ளூர்க்காரர்கள் வரைந்த படங்களைச் சனி, ஞாயிறு இரண்டு நாள் மாட்டி வைப்பதாக ஏற்பாடு. பாக்யலட்சுமி மூன்று படம் தீட்டினாள்: ஒரு மயில், ஒரு ரோஜா, ஓர் ஏரி. அடுத்தவர் வேலையில் ஆயிரம் குறை காண்பவளுக்குத் தன் மயில் கோழி மாதிரி இருந்தது தெரியாமல் இல்லை.

அவள் கொண்டுபோன நாலாவது படம், தையல் லைனில் இருக்கும் தில்ஷாத்துடையது. கழித்துப்போட்ட தோல் துண்டுகளை ஒட்டித் தைத்த படம். விடியற்காலைக் கம்பெனி பஸ். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கும் பெண்கள். ஜன்னலோரம் ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். அது செத்துப்போன தன் அம்மா என்று தில்ஷாத் சாப்பாட்டு நேரத்தில் பாக்யலட்சுமியிடம் சொல்லியிருந்தாள். மகளோடு அதே பஸ்ஸில் வேலைக்கு வந்துபோன அந்த அம்மா, அவள் ஸ்டாப்பைத் தவறவிடக் கூடாதென்று தூங்கவே மாட்டாளாம். தில்ஷாத் ஆலங்காயத்திலிருந்து வந்து போகிறவள். சனிக்கிழமை சொந்தத்தில் கல்யாணம், வருவது சந்தேகம் என்று சொல்லிப் படத்தைப் பாக்யலட்சுமியிடம் கொடுத்தனுப்பினாள்.

பின்பக்கம் பெயர் எழுத வேண்டும் என்பது நூலகத்தில் போட்ட விதி. தன் மூன்றிலும் பெயரையும் பழக்கதோஷத்தில் 114-ஐயும் எழுதினாள். தில்ஷாத் பெயரோடு அப்பா பெயரைப் போடுவதா, வீட்டுக்காரர் பெயரைப் போடுவதா என்று கேட்டுக்கொண்டு எழுதலாமென விட்டாள். கை மட்டும் சும்மா இருக்கவில்லை. அதன் பின்னாலும் 114 ஏறிவிட்டது. கேட்கவும் மறந்துபோனாள்.

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜீவா நம்பரை வைத்து நாலு படத்துக்கும் பாக்யலட்சுமி என்றே சீட்டு எழுதி ஒட்டிவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் போனபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். ஜீவாவைக் கூப்பிடத்தான் திரும்பினாள், சத்தியமாக. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வேலாயுதம் மனைவியோடு பஸ் படத்தின் முன்னால் நின்றார். பதினெட்டு வருஷத்தில் அவள் வேலையைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷன்.

"இன்னா பாக்யா, இது நீ செஞ்சதா?"

"ஆமா சார்."

ஒரு ஆமாவோடு விட்டிருக்கலாம். கூட்டம் கூடியது, கேள்வி கேட்டார்கள். கூந்தலுக்கு ஏன் ஷூவின் உள்பக்கத்துக் கறுப்பு லைனிங், முகங்களுக்கு எந்தத் தோல் என்று தில்ஷாத் சொன்னதையெல்லாம் தானே யோசித்ததுபோல ஒப்பித்தாள். ஜன்னலோரம் இருப்பது யார் என்று வேலாயுதத்தின் மனைவி கேட்டார். எங்க அம்மாதான், இப்ப இல்லை என்றாள். கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாக்யலட்சுமியின் அம்மாவோ பஸ் ஏறினாலே வாந்தி எடுப்பவள். பேரணாம்பட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள்.

அன்று ராத்திரி முழுக்க அவளுக்கு, பெற்றவளை உயிரோடு சாகடித்துப் பேர் வாங்கினோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறக்கும்போதே போய் ஜீவாவிடம் உண்மையைச் சொல்லி, சீட்டைக் கிழித்து, தில்ஷாத் என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினாள். முந்தைய நாள் வந்த கூட்டத்தில் ஒருவர்கூட மறுபடி வரவில்லை. திங்கள்கிழமை கம்பெனியில் வேலாயுதத்தைத் தேடிப் போய் அவரிடமும் சொன்னாள். அவர் அடுத்த லைனைப் பார்க்கப் போய்விட்டார்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே தில்ஷாத்திடம் சொல்ல ஆரம்பித்தாள். சீட்டில் பெயர் மாறிப்போனதையும், தான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும், ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டதையும் சொன்னாள். அம்மா விஷயத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

தில்ஷாத் ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துலருந்து நேரா அங்கதான் வந்தேன்க்கா. கூட்டத்துக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்தேன்."

பாக்யலட்சுமி திறக்காத டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள்.

"பேரு போனா போவுது, மாத்திட்டீங்க. எங்கம்மாவ உங்கம்மான்னு சொல்லிட்டீங்களேக்கா."

அதற்குப் பிறகும் தில்ஷாத் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். பிள்ளை படிப்பு, நாத்தனார் தொல்லை என்று எல்லாம் பேசுகிறாள். தன் அம்மாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வருவதில்லை. கேட்கிற தைரியம் பாக்யலட்சுமிக்கும் இல்லை.