என் வீட்டுக்காரரைத் தூக்கக் கற்ற கதை

ஐம்பது வயதைத் தாண்டி, குத்துப்பாட்டுக்கு எடை தூக்கப் போனவள் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் சின்னப் பெண்கள். இடுப்பு குறையவேண்டும், சர்க்கரை இறங்கவேண்டும் என்று வந்தவர்கள். எனக்குக் குறைக்க ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரரை நானே தூக்கியாகவேண்டும், அதற்காகப் போனேன்.

அவர் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டியவர். ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பல் விளக்கும்போது, வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம். வலப்பக்கம் போய்விட்டது. பேச்சு குழறலாக மிஞ்சியது. உடம்பு மட்டும் இளைக்கவே இல்லை, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரமே, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றப் போய் இரண்டு பேரும் சேர்ந்து தரையில் விழுந்தோம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் வந்து எழுப்பும்வரை அப்படியே கிடந்தோம்.

கூட வேலை பார்த்தவர்களுக்குச் சேதி போயிற்று. காலையில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களில் இரண்டு பேர், சாயங்காலம் பகல் ஷிஃப்ட் முடித்தவர்களில் இரண்டு பேர் என்று அவர்களே பேசிவைத்துக்கொண்டு வந்தார்கள். சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாற்று ஆள், அதாவது ரிலீவர், வந்து நிற்கும்வரை வேலையில் இருக்கிறவர் இடத்தை விட்டு நகரமாட்டார். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தாலும் சரிதான். அதே வழக்கத்தை என் வீட்டுக் கட்டில்வரை கொண்டுவந்துவிட்டார்கள்.

எனக்கு நன்றி இருந்தது. எரிச்சல் அதைவிட அதிகமாக இருந்தது. விடியும் முன்னே நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கவேண்டும். கரித்தூசி பூட்ஸ் பட்டு தரை பூராவும் கறுப்பு. அவர்கள் தூக்கும்போது இவர் கண்ணை மூடிக்கொள்வார். மானஸ்தன், வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன்.

தூக்கி உட்காரவைத்த பிறகு கொஞ்ச நேரம் காபியோடு அரட்டை ஓடும். குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவருக்கு வாயே ஓயாது. "அண்ணே, நேத்து மண்ணு போற பெல்ட்டு பிச்சிகினு போயிடுச்சி. நம்ம ஆளு நின்னுகினே தூங்கியிருக்கான். நீ இருந்திருந்தா திட்டியே தீத்திருப்ப." இவர் பாதி வாயால் சிரிப்பார், பதிலுக்கு ஏதோ குழறுவார். எனக்குப் புரியாதது அவர்களுக்குப் புரியும். நான் அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன்.

வகுப்பு எங்கள் பிளாக் சமுதாயக் கூடத்தில். நடத்தியவள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பெண். மூலையில் ஒரு ஸ்பீக்கர், ஆளுக்கொரு இரும்புக் கம்பி, இரண்டு முனையிலும் எடைத்தட்டு. பாட்டு கிளம்பினால் எல்லோரும் ஒரே தாளத்தில் குனிந்து ஒரே தாளத்தில் நிமிரவேண்டும். "பாட்டு முடியற வரைக்கும் கம்பியக் கீழ வெக்கக் கூடாது ஆண்ட்டி! முதுகால தூக்காதீங்க, காலால எழுந்திருங்க!" என்று கத்துவாள். முதல் மாதம் தொடை வலியில் மாடிப்படியில் உட்கார்ந்தே இறங்கினேன். பிறகு அரிசி மூட்டை லேசாயிற்று. கேஸ் சிலிண்டர் லேசாயிற்று. சின்னப் பெண்கள் கம்பியை வைத்த பிறகும் நான் வைக்காமல் நின்றேன். எனக்குக் கர்வம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஒரு நாள் காலை, அவர்கள் வரும் முன்பே இவரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தேன். அவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிப் பிடித்து, என் முட்டியை அவர் முட்டிக்கு முட்டுக் கொடுத்து, வகுப்புப் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தபடி எழுந்தேன். அவரும் எழுந்தார். திருப்பி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டேன். அழுகை பீறிட்டு வந்தது.

வந்தவர்களிடம் வாசலிலேயே சொன்னேன். "இனிமே நானே பாத்துக்கறேங்க. நீங்க அலைய வேணாம்." குறிஞ்சிப்பாடிக்காரர் எட்டிப் பார்த்து, "ரிலீவர் வந்தாச்சுண்ணே!" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அதோடு சரி, பிறகு யாரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷிஃப்ட் பார்க்கிற ஊர் இது. பகலில் பாதிப் பேர் தூங்குவார்கள். ஒரு வேலை இருந்தால் நடுராத்திரியிலும் வருவார்கள், சும்மா ஒருத்தர் வீட்டுக் கதவை ஒருத்தர் தட்டமாட்டார்கள். இங்கே இனி வேலை இல்லை. மாற்று ஆள் நான் வந்துவிட்டேன்.

இவர் பேச்சு குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்குக் கழுத்து தானாக வாசல் பக்கம் திரும்பும். அப்புறம் கனக்க ஆரம்பித்தார். நன்றாக இருந்த இடது காலால் அதுவரை ஊன்றி எனக்கு உதவிக்கொண்டிருந்தார், அதை நிறுத்திவிட்டார். கம்பி தூக்கிப் பழகியவளுக்கா அது தெரியாது? "ஒரு பக்கம்தான் போச்சு, இன்னொண்ணையும் ஏன் சாகடிக்கறீங்க?" என்று கத்தினேன். வெகு நேரம் வாயைக் கோணி, "அவனுங்க... வரட்டும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன் போட்டு வரச்சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில், கையில் ஆப்பிள் பையோடு. செருப்பை வெளியே விட்டார்கள். சோபா நுனியில் உட்கார்ந்தார்கள். குறிஞ்சிப்பாடிக்காரர், "அண்ணன் சாப்புடறாரா அண்ணி?" என்று இவர் எதிரிலேயே என்னைக் கேட்டார். சுரங்கத்து பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் காபியை வேண்டுமென்றே தாமதப்படுத்தினேன். குடித்து முடித்து எழுந்தார்கள்.

நாற்காலியிலிருந்து இவர் இடது கையைத் தூக்கினார். தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் தூக்கி, அக்குளைத் திறந்து காட்டினார். அவர்கள் தூக்க வந்த நாட்களில், அடியில் தோளைக் கொடுக்கச் சொல்லித்தான் அப்படிக் கையைத் தூக்குவார். அவர்களோ விடைகொடுக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். இருவரும் சிரித்தபடி கையை உயர்த்தி ஆட்டினார்கள்.

"வர்றோம்ணே."

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. இவர் கை இறங்கவே இல்லை. நான் போய் அதன் அடியில் என் தோளைக் கொடுத்தேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.