இன்னொரு கால் சுற்று

டீக்கடைக் குழாயை மூடிவிட்டுத்தான் அமீருதீன் டீயைக் கையில் வாங்குவார். கடைக்காரர் ஏற்கெனவே மூடியிருப்பார், அது போதாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இன்னொரு கால் சுற்று முடுக்க வேண்டும். தண்டையார்பேட்டையில் முப்பது வருடமாகக் குழாய் வேலை. கல்யாண மண்டபத்தில் பாதி பிரியாணியில் எழுந்துபோய், கை கழுவுமிடத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை நிறுத்திவிட்டு வந்து மீதியைச் சாப்பிட்டவர். "லாரித் தண்ணிக்கி குடத்தத் தூக்கினு ஓட்ற ஜனம் நாம. ஒழுவ வுட்டா கலீஜு" என்பார்.

தேர்ந்த வேலைக்காரர் என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. சுவரில் அவர் உடைக்கும் ஓட்டை தேவைக்குச் சற்றுப் பெரிதாகவே இருக்கும்; சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். ஆனால் அவர் மூடிய குழாய் சொட்டாது.

மகள் நவ்ரீன் கனடாவுக்குப் போய் இது முதல் குளிர்காலம். கணவனுக்கு வெளியூரில் வேலை. கையில் மூன்று மாதக் குழந்தை. குழாய்த் தண்ணீர் உறையும் என்கிறார்களே, என்ன செய்வது என்று கேட்டாள். குழாயைப் பற்றி அத்தாவை விட்டால் வேறு யாரைக் கேட்பாள்? அமீருதீன் யோசிக்கவேயில்லை. "எல்லாத்தயும் இறுக்கி மூட்றும்மா. ஒரு சொட்டு வரக்கூடாது."

மறுநாள் சமையலறைக் குழாய் உறைந்துவிட்டது. பாதிப் பகல், முடி உலர்த்தும் மெஷினைப் பிடித்து அதை இளக்கியிருக்கிறாள். அங்கே சாயங்காலம், இங்கே விடிந்த நேரத்தில் கூப்பிட்டாள்.

"வீட்டுக்காரம்மா திட்றாங்க அத்தா. மெல்லிசா ஒழுக விட்டிருக்கணுமாம். இன்னிக்கு இன்னும் குளிராம். திரும்ப உறைஞ்சா பைப்பு வெடிச்சு வீடு பூரா தண்ணியாயிடும். புள்ளைய வச்சிக்கினு நான் எங்க போவேன்?"

"ஒழுவ வுட்றதா? அந்தம்மாவுக்கு இன்னா தெரியும்?" என்று போனை வைத்தார். வைத்தாரே தவிர, டீ இறங்கவில்லை.

அன்று காசிமேட்டு ஐஸ் பேக்டரியில் ஒரு வால்வு வேலை. ஐஸ் கட்டி இறக்கும் லூர்துவிடம் விஷயத்தைச் சொன்னார். லூர்து சிரித்துவிட்டார்.

"இன்னா பாய், முப்பது வருசம் குழாயப் புட்ச்சினு கீற, இது தெர்லியா? தோ, டின்னுல தண்ணி நிக்கிது, கட்டியாவுது. பக்கத்துல இந்தப் பைப்பு ஓடிக்கினே கீது. கட்டியாச்சா சொல்லு?"

அமீருதீன் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். தப்பு என்று ஒப்புக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை. வால்வைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து மகளைக் கூப்பிட்டார்.

"சிங்குக்குக் கீழ கீற கதவத் தொறந்து வையி, சூடு உள்ள போவட்டும். இப்போ குழாயத் தொற. இன்னும் கொஞ்சம். ஆங், நூலாட்டம் வரணும்."

"நீங்களா அத்தா சொல்றீங்க?"

"நான்தான். மூடாத. பின்னால நானே சொன்னாலும் மூடாத. போன அங்க வையி, கேக்கறேன்."

மீன் லாரிகளின் ஹார்னுக்கு நடுவே போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். அங்கே மகளின் சிங்கில் தண்ணீர் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. அவருடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, காற்றில் கால் சுற்று திரும்பின. அந்தக் கையைப் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டு, தொடர்ந்து கேட்டார்.