வகிமின் சட்டையில் தெரிந்த பச்சை

பிரொண்டொங் துறைமுக ஐஸ் ஆலையின் இயந்திர அறை வகிமினுடைய ராஜ்ஜியம். குழாய்களில் ஓடும் அம்மோனியாவோடு பல வருடம் குடித்தனம் நடத்தியதில் அவர் மூக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. கருவாடும் மல்லிகையும் அவருக்கு ஒன்றுதான்.

அதனால்தான் முதலாளி எல்லோருக்கும் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் வில்லை வாங்கித் தந்தார். ஊதா டார்ச் அடித்தால் அது பச்சையாக ஒளிரும். அம்மோனியா பட்டிருந்தால் அணைந்துவிடும்.

காலையில் டார்ச் அடிப்பது பொறியாளர் ரெத்னோவின் வேலை. எல்லோருடைய வில்லையும் பச்சை. வகிமினுடையது மட்டும் இருட்டு. புதிது ஒட்டினாலும் மறுநாள் அதே கதி. ரெத்னோ குழாய் குழாயாகக் கழற்றிப் பார்த்தாள். ஐஸ் உற்பத்தி நின்றது. படகுக்காரர்கள் வாசலுக்கு வந்து வகிமினின் பரம்பரையையே விசாரித்தார்கள். கசிவு மட்டும் அகப்படவில்லை.

முதலாளி முடிவெடுத்தார்: இந்த மனிதர் உடம்பில் வாயு ஏறுகிறது, இனி வாசலில் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொள்ளட்டும். இயந்திரச் சத்தம் இல்லாவிட்டால் வகிமினுக்குச் சோறு இறங்காது. முகம் தொங்கிப்போனது.

கடைசி நாள் ரெத்னோ டார்ச் அடித்தாள். வில்லை இருட்டு. டார்ச்சை இறக்கும்போது வெளிச்சம் அவர் வயிற்றில் விழுந்தது. சட்டை மஞ்சள் பச்சையாகப் பளபளத்தது.

“பாக்,” என்றாள் ரெத்னோ; பெரியவர்களை அந்த ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். “வீட்டுக்குப் போறப்ப இந்தச் சட்டைய எங்க வைப்பீங்க?”

“பெஞ்சு மேலதான். தாசில்தார் அதுமேல படுத்துப்பாரு.”

தாசில்தார் ஆலைப் பூனை. வந்ததும் தூங்கிவிடுவதால் அந்தப் பெயர். ரெத்னோ சட்டையருகே மூக்கைக் கொண்டுபோனாள்; கொண்டுபோன வேகத்தில் எடுத்துக்கொண்டாள்.

“இது பூனை மூத்திரம், பாக். டார்ச்சுல மின்னுறதும் இதுதான், வில்லைய அணைக்கிற அம்மோனியாவும் இதுலேர்ந்துதான்.”

வகிமின் மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

“உங்களுக்கெல்லாம் தெரியுமாடா?”

எண்ணெய் போடும் பொனிரின் தொண்டையைச் செருமினான். “பெரியவராச்சே. நாறுதுன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அதான் காத்து வர்ற பக்கமா உக்காந்துக்கிட்டோம்.”

வகிமினின் வேலை பிழைத்தது. சட்டை மூடி போட்ட பெட்டிக்குள் போனது. தாசில்தார் மூடிமேல் படுத்தார்.

மழைக்காலத்தில் ஒரு காலை வில்லை மறுபடி அணைந்தது. சட்டை ஒளிரவில்லை. ரெத்னோ வாய் திறப்பதற்குள் வகிமின் வால்வை மூடிவிட்டு வாசலைத் தாண்டியிருந்தார். கக்கத்தில் தாசில்தார்.

“எல்லாரும் ஓடுங்கடா,” என்றார். “இந்தத் தடவை இவரு இல்ல.”