மஞ்சள் புள்ளி வைத்த போல்ட்

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் கம்பெனியில் என்ஜின் லைனில் வேலை பார்க்கிறேன். என் பழைய கார் புகை தள்ளியபோது, மெக்கானிக் கடை வைத்திருக்கும் மச்சான் பத்துப் பேர் எதிரில் சிரித்தார். "நீ டைட்டு பண்ற ஆளு. கழட்றதப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

அந்தச் சிரிப்பை அடக்கியே தீருவது என்று, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசல் புளியமரத்தில் கனம் தூக்கும் செயின் பிளாக் மாட்டி நானே என்ஜினை வெளியே தூக்க ஆரம்பித்தேன். என்ஜினை வண்டியோடு பிணைக்கும் மவுண்டிங் போல்ட் ஒன்று துருப்பிடித்து அசையவே இல்லை. ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, மச்சான் முகத்தை நினைத்து அழுத்தினேன். கால் சுற்று நகர்ந்தது. ஜெயித்துவிட்ட வெறியில் அதன் தலையில் மஞ்சள் பேனாவால் புள்ளி வைத்தேன். லைனில் முறுக்கி முடித்த போல்ட்டுக்கு அப்படித்தான் வைப்போம்.

அதை அப்படியே விட்டு மற்றவற்றைக் கழற்றினேன். கடைசியாகச் சரிபார்த்தபோது, புள்ளியைப் பார்த்து அதுவும் முடிந்ததென்று நினைத்துச் சங்கிலியை இழுத்தேன். என்ஜின் வரவில்லை. பல்லைக் கடித்து இன்னும் இழுத்துவிட்டு, ஆட்டிப் பார்க்கக் கையை உள்ளே விட்டேன்.

"யோவ், காரே மேல வருது! கைய எடு!" என்று கத்தி, மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதே நொடி கொக்கி நழுவி, என் கை இருந்த இடத்தில் என்ஜின் உட்கார்ந்தது.

மறுநாள் அந்த போல்ட்டைப் பொறுமையாகக் கழற்றியிருக்கலாம். மனசு வரவில்லை. ஹாக்ஸா பிளேடால் இரண்டாக அறுத்தேன்.

இப்போதெல்லாம் கழற்றும் வேலையில் பேனாவைத் தொடுவதில்லை. எல்லா போல்ட்டும் தட்டில் விழுந்த பிறகுதான் சங்கிலியில் கை வைக்கிறேன்.

மச்சானிடம் இதெல்லாம் சொல்லவில்லை. அறுத்த போல்ட்டின் தலையை மட்டும் அவர் மேஜையில் டொக்கென்று வைத்தேன்.

"இது இன்னா மஞ்சப் புள்ளி?" என்றார்.

"வேலை முடிஞ்சிச்சுன்னு அர்த்தம், மச்சான்."