கேட்டால்தான் சொல்வேன்

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு மருத்துவமனை. பக்கத்து நாற்காலியில் இருந்த துணி வியாபாரி என் சட்டைக் கையை இரு விரல்களால் தேய்த்துப் பார்த்தார்.

"பாதி பாலியெஸ்டர், அண்ணே."

"கடையிலயும் இப்படித்தான் சொல்வீங்களா?"

"கேட்டாத்தான் சொல்வேன்."

அவர் கழுத்தில் புதுத் தழும்பு இருந்தது. தைராய்டு புற்றுநோய்க் கட்டியை எடுத்திருந்தார்கள். செல்களைச் சாகவைக்கும் மரபணுக்கள் அந்தக் கட்டியில் எப்படி இயங்குகின்றன என்று பார்த்து, நோய் திரும்புமா எனக் கணிக்கும் புதிய சோதனையின் முடிவுக்காகக் காத்திருந்தார்.

"கடையில பழைய ஸ்டாக்கே போகமாட்டேங்குது. இந்தச் செல்லு மட்டும் சொன்னா போயிருமா லா?" என்று சிரித்தார். "சாதாரணக் கட்டின்னு வீட்டுக்காரி நெனச்சிட்டிருக்கா. அவ கேக்கல, நானும் சொல்லல. ரிசல்ட் நல்லா வந்தா அப்படியே விட்டுரலாம்."

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர் உட்காரவில்லை.

"என்ன சொன்னாங்க, பாஸ்?"

"திரும்பி வர வாய்ப்பு அதிகம் உள்ள குரூப்பாம். கண்டிப்பா வரும்னு இல்ல. அடிக்கடி வந்து காட்டணுமாம்."

தன் சட்டை நுனியைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"இத அவ கேக்காமலே சொல்லணும், அண்ணே."

தன் ஊரான மேருவுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். வீட்டில் அந்தப் பேச்சை எப்படித் தொடங்கியிருப்பார் என்று, புதுச்சட்டை வாங்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.