பழவேற்காட்டுப் படகில் ஒரு சொல்

மூன்று வருஷத்துக்கு முன்னால் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேர் ஏரி வழியாகப் படகில் பழவேற்காடு போனோம். நான், என் மனைவி, எங்கள் ஒரே மகள். எதிர்ப் பலகையில் என் மகள் கட்டிக்கொள்ள விரும்பிய பையன், அவனுடைய அம்மா, அப்பா. நல்ல காற்று, அகலமான தண்ணீர், அவசரமே இல்லாத படகு. அன்று முழுக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நான் மெட்ராஸ் மண்ணூர்பேட்டைக்காரன். தாத்தா காலத்தில் நெல் விளைந்த எங்கள் நிலத்தில் இப்போது யார் யாருடைய கம்பெனிகளோ நிற்கின்றன. பத்தாவது முடித்ததும் அந்தக் கம்பெனிகள் இருக்கும் தொழில் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டப் போனேன். இன்னும் அதுதான் வேலை. மிஷின் ஓடும்போது பேச முடியாது, பேசினால் கத்த வேண்டும். எனக்குப் பேச வராது என்பதால் அந்த வேலை எனக்குப் பொருத்தமாக இருந்தது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்கும்.

மகள் இன்ஜினியரிங் படித்து ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தாள். பையன் அங்கேதான் பழக்கம். அவன் வீட்டார் திருநெல்வேலிப் பக்கம். அப்பா வேலையாக ஆவடிக்கு வந்து, ஓய்வு பெற்றதும் அங்கேயே ஃப்ளாட் வாங்கித் தங்கிவிட்டார். அவர்கள் இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டு தடவையும் பையனின் அம்மா பிடி கொடுக்கவில்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணுக்குப் பூ வைத்தால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். பூ வைக்க என்றைக்கு வருகிறார்கள் என்று மட்டும் அந்த அம்மாள் சொல்லவே இல்லை. மகள் சாப்பாடு இறங்காமல் இளைத்துப் போனாள்.

படகு, பையனின் யோசனை. இரண்டு குடும்பமும் ஒரு நாள் ஜாலியாகச் சேர்ந்து இருந்தால் அம்மா இளகிவிடுவார் என்றான். ஏரியின் மேற்குக் கரையில் ஒரு குப்பத்தில் படகு ஏறி, மெதுவாக ஏரியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு பழவேற்காட்டில் இறங்குவது. வேன் ரோட்டு வழியாக வந்து அங்கே காத்திருக்கும். அன்றைக்கே அம்மா தேதி சொல்லிவிடுவார் என்று மகளிடம் உறுதியாகச் சொல்லியிருந்தான்.

அதற்கு முந்தின ஒரு வாரம் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் நடந்தது. வாத்தியார், என் மகள்.

"இன்னான்னு சொல்லாதீங்க, என்னன்னு சொல்லுங்க. கீதுன்னு சொல்லக் கூடாது, இருக்குன்னு சொல்லணும். ஊடு இல்ல, வீடு. துன்னு இல்ல, சாப்பிடு. குந்து சொல்லவே கூடாது, உக்காருங்கன்னு சொல்லணும்."

"இன்னாடி இது, வாயப் பொத்திகினு வர்றதுன்னா நான் எதுக்கு வர்றேன்? என் போட்டோவ எடுத்துகினு போ," என்றாள் என் மனைவி.

"பாத்தியா? இதான். சினிமால ரவுடிங்க பேசுற மாதிரியே இருக்கு. அவங்க என்ன நினைப்பாங்க?"

சின்ன வயதில் என்னை நைனா என்று கூப்பிட்டவள்தான். காலேஜுக்குப் போன முதல் வருஷம் அது அப்பா ஆனது. அதற்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. இதற்கும் சொல்லவில்லை. வாயே திறக்காமல் இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அது எனக்குக் கஷ்டமும் இல்லை.

படகு மீன் பிடிக்கிற ஃபைபர் படகுதான். நடுவில் குறுக்காக இரண்டு பலகை, மேலே நீல நிறத் தார்ப்பாய். ஐம்பது வயது இருக்கும் படகுக்காரர், ஏறும்போதே சொன்னார்: "ஏரி ஆழம் இல்லம்மா, ஆனா எல்லாரும் ஒரே பக்கமா வந்துடாதீங்க." கரையை விட்டதும் இன்ஜினைக் குறைத்து ஓட்டினார். சில இடங்களில் இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கழியால் தள்ளினார். இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் நடந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வேறு யாரோடாவது போயிருந்தால் எனக்குப் பிடித்திருக்கும்.

அந்த அம்மாள் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தார். அவர்கள் ஊர் ஆற்றுத் தண்ணீரின் ருசி, அவர்கள் ஊர்க் கல்யாணச் சாப்பாடு, மெட்ராஸ்காரர்களுக்கு சாம்பார் வைக்கத் தெரியாதது.

"எங்க பக்கம் வந்தவங்கள வாய் நெறைய வாங்கன்னு கேப்பாவ. இங்க எதிர் வீட்டுக்காரி பேரு தெரியாது. அண்ணாச்சி என்ன, பேசவே மாட்டேங்காவ? எங்களப் பிடிக்கலையோ?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அப்பா ரொம்ப அமைதி ஆன்ட்டி," என்றாள் மகள்.

"அமைதியா, திமிரா? நெலம் வச்சிருந்த ஆளுகளுக்கு அது இருக்கத்தான செய்யும்," என்று அந்த அம்மாள் சிரித்தார். அவர் கணவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, தப்போ என்று தண்ணீரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பையன் போனைப் பார்த்தான்.

என் மனைவி என் காதருகே, "இன்னாயா, வாய்ல கொயக்கட்டையா வெச்சிகினு கீற? எதுனா சொல்லேன்," என்றாள். மகள் அவளை முறைத்தாள்.

எனக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் திமிர் என்ற வார்த்தை இல்லை. அவர்கள் கேப்பாவ, மாட்டேங்காவ என்று அவர்கள் ஊர்ப் பேச்சை அவிழ்த்துவிட்டு வருகிறார்கள். அதைக் கேட்டு என் மகள் "ஆன்ட்டி, உங்க ஸ்லாங் ரொம்ப ஸ்வீட்டா இருக்கு" என்கிறாள். எங்கள் மண்ணில் வந்து குடியேறியவர்களின் பேச்சு ஸ்வீட். எங்கள் பேச்சு ரவுடிப் பேச்சு. இதை யார் எழுதி வைத்தார்கள்?

பழவேற்காட்டு லைட்ஹவுஸ் தெரிய ஆரம்பித்தது. உடனே அந்த அம்மாள், "ஏல, இங்க வா, ஒரு செல்ஃபி எடுப்போம்," என்று மகனைக் கூப்பிட்டுக்கொண்டே எழுந்து படகின் ஓரத்துக்குப் போனார். பையனும் எழுந்து அவர் பக்கம் போனான். பின்னாலேயே அவர் கணவரும் போனார். மூன்று பேரும் ஒரே பக்கம். படகு சட்டென்று சாய்ந்தது. தார்ப்பாய்க் கம்பு சாய்ந்து, தண்ணீர் விளிம்பைத் தொட்டு உள்ளே வந்தது. அந்த அம்மாள் முழங்கால் விளிம்பில் இடிக்க, போனைப் பிடித்த கையோடு வெளிப்பக்கம் சரிந்தார்.

"ஏய்! குந்து! குந்தும்மா, குந்து!"

கத்தியது நான்தான். லேத் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல். ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். அந்த அம்மாள் அப்படியே பொத்தென்று உட்கார்ந்தார். படகின் அடியில் டீசலும் மீன் கவிச்சியுமாகத் தேங்கியிருந்த தண்ணீரில். படகு நேரானது.

அந்த அம்மாள் முகம் சிவந்து கேட்டார்: "என்ன சொன்னிய? குந்தவா? வெளிக்கி இருக்கப் போறவளச் சொல்லுத மாதிரி?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்களுக்கு குந்து என்றால் உட்கார். சாமி முன்னாலும் குந்துவோம், சாப்பாட்டு இலை முன்னாலும் குந்துவோம். அவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது.

படகுக்காரர் பின்னாலிருந்து, "அண்ணாத்தே சொன்னதுல இன்னாம்மா தப்பு? நீ குந்தலேன்னா இந்நேரம் எல்லாரும் தண்ணிலதான் கீறோம்," என்றார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது போதாதா?

"ஒங்களுக்கெல்லாம் ஒரே பாஷதான் போல," என்றார் அந்த அம்மாள்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொன்னாள்.

"சாரி ஆன்ட்டி. அப்பா படிக்கல, அவருக்குத் தெரியாது."

பத்தாவதில் நான் கணக்கில் எழுபத்தெட்டு மார்க்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறை இருக்கிறது. பல நூறு வருஷத்துக்கு முன்னால் வியாபாரத்துக்குக் கடல் கடந்து வந்தவர்கள். வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். பையனின் அப்பா ஒவ்வொரு கல்லாகக் குனிந்து புரியாத எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மரத்தடியில் நின்று புடவையைப் பிழிந்தார். என் மனைவி சோடா வாங்கி வந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"தேதி சொல்லுதேன்," என்றார் என் மனைவியிடம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஆனா பூ வைக்கிறது எங்க ஃப்ளாட்லதான். கல்யாணம் எங்க ஊர்ல. ஒங்க பக்கம் இருபது பேரு வந்தாப் போதும். எங்க சொந்தக்காரங்க முன்னால இந்த மாதிரிப் பேச்சு வந்தா எனக்கு மானம் போயிரும்."

மகள் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள். சரி என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற ஆட்டம். எனக்கு அண்ணன் தம்பி மட்டும் ஐந்து பேர். இருபதில் யாரை நிறுத்துவது?

"பூ வெக்கிறது பொண்ணு ஊட்ல," என்றேன். "எங்க ஜனம் எல்லாரும் கீறாங்க. எல்லாரும் வருவாங்க. அவங்க பேசுறதுதான் பேசுவாங்க. இஷ்டம் இருந்தா வாங்க, இல்லாட்டி வாணாம்."

அந்த அம்மாள் நேராக வேனுக்கு நடந்தார். மகள், "எல்லாத்தையும் கெடுத்துட்ட இல்ல?" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் பின்னால் ஓடினாள். நானும் மனைவியும் அந்த வேனில் ஏறவில்லை. பஸ் பிடித்து, மாறி மாறி, செங்குன்றம் வழியாக வீடு வந்தோம்.

நாலு நாள் மகள் எங்களிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் பையனின் அப்பா தனியாக என் பட்டறைக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே பேசினார்.

"பூ வைக்க ஒங்க வீட்டுக்கே வாரோம். கல்யாணமும் இங்கயே வச்சிக்கிடுவோம். எத்தன பேரு வேணா வரட்டும். அவள ஒத்துக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனா ஒண்ணு, அண்ணாச்சி. அவகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டிருங்க. அது இல்லாம வரமாட்டேங்கா."

கையில் கிரீஸோடு நின்றேன். விழப் போனவளை உட்காரச் சொன்னதற்கு மன்னிப்பு. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. சரி என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார்கள். வீடு கொள்ளாத கூட்டம். என் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள், பக்கத்துத் தெரு ஜனம், எல்லாரும் எங்கள் பேச்சையே பேசினார்கள். அந்த அம்மாள் சேரின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மகள் எனக்கு இரவெல்லாம் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை அவர் முன்னால் நின்று எழுத்துப் பிசகாமல் சொன்னேன்: "அன்னைக்கு தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க."

"பரவால்ல அண்ணாச்சி. ஒங்களுக்கு என்ன தெரியும் பாவம்," என்றார். எழுந்து என் மகளுக்குப் பூ வைத்தார். மகள் அழுதாள், சந்தோஷத்தில்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மகள் சௌக்கியமாக இருக்கிறாள். நாங்கள் போனால் அந்த அம்மாள் எனக்குக் காபி கொடுப்பார், நான் குடிப்பேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை.

நான் கேட்ட மன்னிப்பு பொய். தெரியாமல் சொல்லவில்லை; குந்து என்றால் உட்கார் என்று தெரிந்துதான் சொன்னேன். என் மகள் இதைப் படிப்பாள். படிக்கட்டும்.