எந்த ஊர்த் தவளை

மதுவிலக்கு என்று யாராவது வாயெடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடிக்கிறவன் அல்ல நான். தவளை பிடிக்கிறவன், விலங்கியல் மாணவன்.

எண்ணூர் உப்பளத்தையொட்டிய மழைக் குட்டைகளில் இருக்கும் தவளைக்கு, எங்கள் தண்டையார்பேட்டைத் தவளையைவிடக் கால் குட்டை. கத்தலும் வேறு. தனி இனம் என்று வகுப்பிலேயே அறிவித்துவிட்டேன். பேராசிரியர் சிரித்தார்.

“நீயும் நானும்கூட ஒரே உயரம் இல்ல. ரெண்டு ஊருக்கும் நடுவுல தேடு. நடுவாந்தரக் கால் அங்க மட்டும் இருக்கா, எல்லா ஊர்லயும் கலந்து கிடக்கா, இல்லவே இல்லையா? அதைப் பார்த்துத்தான் முடிவு.”

அந்த முடிவை வைத்துத்தான் எனக்கு ஆராய்ச்சி மாணவன் இடம்.

மழைக்காலத்தின் கடைசி மழை விட்டதும், பிடித்த தவளை கெடாமலிருக்க ஸ்பிரிட் ஊற்றிய ஜாடிகளுடன் கிளம்பினேன். தண்டையார்பேட்டை, நடுவில் காலடிப்பேட்டை, அப்புறம் எண்ணூர், ஊருக்கு ஒரு ஜாடி. தவளைக் காலில் ஊர்ச்சீட்டு கட்டுவது காலேஜில் செய்யும் வேலை. திரும்பும் பஸ்ஸில் ஒரு கான்ஸ்டபிள் ஏறி மூக்கை உறிஞ்சினார்.

“இன்னா நைனா, சரக்கா?”

“தவளை சார். காலேஜ் பர்மிட் இருக்கு.”

“தவக்களைய ஊறப்போட்டுக் குடிக்கிறியா? கலீஜ்!”

“ஏட்டய்யா, அது தொட்டுக்க!” என்றது பின்சீட்டு. பஸ்ஸே சிரித்தது.

பர்மிட்டை அவர் தொடக்கூட இல்லை. என்னை இறக்கி, மூன்று ஜாடியையும் சாக்கடையோரம் கவிழ்த்தார். நான் போட்ட கூச்சலில் மனம் இளகியதோ என்னவோ, தவளைகளைத் தன் கையாலேயே வாரி ஒரே ஜாடியில் திணித்தார்.

“பேஜார் பண்ணாத. உன் தவக்களை பூரா இதுல கீது. ஒண்ணும் கொறயல.”

குறையவில்லைதான். எது எந்த ஊர் என்பது மட்டும் போய்விட்டது.

மறுநாள் காலேஜில் புது ஸ்பிரிட் ஊற்றிவிட்டு, மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தேன். குட்டைக்கால் ஒரு பக்கம், நெட்டைக்கால் ஒரு பக்கம். இரண்டிலும் சேராத ஒரு கும்பல் மேசை நடுவில் மிஞ்சியது. பேராசிரியர் இடுக்கியால் அவற்றைப் புரட்டினார்.

“இதெல்லாம் காலடிப்பேட்டையில மட்டும்னா, ரெண்டு இனம் அங்க சந்திச்சுக் கலக்குதுன்னு பேசலாம். மூணு ஊர்லயும்னா ஒரே இனம். எங்க பிடிச்ச?”

“அந்தக் கான்ஸ்டபிளைத்தான் கேக்கணும் சார்!”

“என்கிட்ட ஏன்யா கத்துற? மறுபடி போய்ப் பிடி.”

எங்கே பிடிப்பது? குட்டைகள் வற்றிவிட்டன; மறுபடி நிறைய அடுத்த மழைக்காலம் வரவேண்டும். அதற்குள் மீனை அறுத்து ஆராய்ந்த சக மாணவன் ஒருவனுக்கு அந்த ஆராய்ச்சி இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். சாராய வாடையே வராத ஃபார்மலினில் மீனைப் போட்டிருந்தானாம், புத்திசாலி. வாழ்த்துச் சொல்லக்கூட நான் போகவில்லை.